தேய்ந்துபோன விரல்கள்

என் கணவர் ரொறன்ரோ வந்த புதிதில், வேலை செய்த உணவகத்தில் ஒருவரை அடித்துவிட்டார். ஆங்கிலம் விளங்காமல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து பல வருடங்களாகியும் அந்தப் பதிவு அவரை விடவில்லை. வேலை தரச் சம்மதித்த முதியோர் இல்லமொன்று, பொலிஸ் பதிவைப் பார்த்ததும் மறுத்துவிட்டது.

பதிவை மூடிவைக்கும் மன்னிப்புக்கு விண்ணப்பித்தோம். அதற்குக் கைரேகை வேண்டும். ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில், கழுவும் மருந்து கலந்த தண்ணீர் பட்டு அவருடைய விரல்கள் தேய்ந்திருந்தன. அனுப்பிய ரேகை தெளிவில்லையென்று திரும்பி வந்தது.

"ஒரு மாசம் கை நனைக்காமல் இருந்திட்டு வரட்டாம்," என்று வந்து சொன்னார் அவர்.

"அப்ப வேலைக்குப் போகாதேங்கோ. நான் இன்னொரு வேலையும் செய்யிறன்."

அவர் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "அடிச்சது இந்தக் கைதான். இப்ப இது ஆருடைய கை எண்டே தெரியேல்லையாம்."

அந்தக் கைகளை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். நகக்கண்களெல்லாம் வெடித்திருந்தன.

அடுத்த முறை ரேகை பதிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து மன்னிப்பும் கிடைத்தது.

"இனி வேற இடத்தில கேட்டுப் பாருங்கோவன்," என்றேன்.

"இனி ஆரிட்டயும் போய் நிக்க எனக்கு ஏலாதப்பா," என்றவர், சப்பாத்தை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் அதே சமையலறைக்கே வேலைக்குப் போனார்.

மன்னிப்புக் கிடைக்கும் அன்று அவர் சிரிப்பாரென்று நினைத்திருந்தேன். வேலை கேட்கும் துணிவு அவரிடம் இருந்த காலத்திலேயே அந்த மன்னிப்பு வந்திருக்கக்கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.