அண்ணன் வண்டியில் கல்யாண மேளம்

திருநகர் வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். உள்ளங்கையில் ஒரு ஸ்பீக்கர். அதன் நடுவிலிருந்த கறுப்புக் காகிதம் கிழிந்து தொங்கியது. சட்டைப் பித்தான்கள் இரண்டு அறுந்திருந்தன. வீட்டுக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அது அவருடைய மகன் சுவரில் தலையை முட்டும் சத்தம் என்பது எனக்குத் தெரியும். சுவருக்கும் தலைக்கும் நடுவில் மதனி தன் கையை வைத்துக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். அண்ணன் ஸ்பீக்கரை என்னிடம் நீட்டினார். "இது போயிருச்சுடா" என்றார். வீட்டில் யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல்.

ஒரு ஸ்பீக்கர் கிழிந்ததற்கு இம்புட்டுத் துயரமா என்று வெளியாள் கேட்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கு ஒரே மகன். அவனுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. ஐந்து வயதுக்கு மேல் தூக்கமும் சரியாக வராமல் போனது. சாயங்காலம் நான்கு மணியானால் காரணம் தெரியாத ஒரு தவிப்பு அவனைப் பிடித்துக்கொள்ளும். கத்துவான், கடிப்பான், தலையை முட்டுவான். மதனியின் முன்கைகளில் எப்போதும் பல் தடம் இருக்கும். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவார். பயிற்சி மையம், டாக்டர், மருந்து, கோயில், தர்கா என்று அவர்கள் ஏறாத படி இல்லை. கொஞ்சம் பலன் தெரியும், பிறகு பழையபடி ஆகும்.

அண்ணனிடம் ஒரு பெரிய பைக் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. முன்னால் காற்றைத் தடுக்கும் அகலமான கவசம், அதற்குள் இரண்டு ஸ்பீக்கர்கள், பின்னால் இருபுறமும் பெட்டிகள். மதனியோடு அதில் காஷ்மீர் வரை போவதாக ஒரு திட்டம் இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு வண்டி உறைக்குள் போய்விட்டது. ஒருநாள் அதை விற்பதற்காகத் துடைத்து, கிளப்பி, பாட்டுப் பெட்டி வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் எப்போதோ ஏற்றி வைத்திருந்த நாதஸ்வர மேளம் ஒலித்தது. உள்ளே கத்திக்கொண்டிருந்த மகன் ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அண்ணன் அவனைப் பின்னால் ஏற்றி, ஒரு பெல்ட்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, திருமங்கலம் ரோட்டில் மெல்ல ஓட்டினார். அரை மணி நேரம். திரும்பி வந்தபோது பிள்ளை அண்ணன் முதுகில் சாய்ந்து தூங்கியிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான். வண்டி ஓட வேண்டும், மேளமும் ஒலிக்க வேண்டும். வீட்டில் உட்கார வைத்து அதே மேளத்தைப் போட்டால் ஆகாது, பாட்டில்லாமல் வண்டியில் கூட்டிப்போனாலும் ஆகாது. காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார்கள், பிய்த்து எறிந்தான். காதில் எதுவும் படக்கூடாது அவனுக்கு. கப்பலூர் தொழிற்பேட்டை வாசலில் டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் அண்ணன் வண்டி பழக்கமாகிவிட்டது. "எங்கண்ணே கல்யாணம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அங்கேதான் நான் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நாலுவழிச் சாலையில் மேளம் என்னைத் தாண்டிப் போகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மதனி குளிப்பார், சாப்பிடுவார், படுத்துக் கண்ணை மூடுவார்.

சிக்கல் ஹெல்மெட்டில் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "பிள்ளைக்கு எங்கய்யா ஹெல்மெட்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காதை உரசாத பெரிய ஹெல்மெட் ஒன்றைத் தேடிப் பிடித்து, மாதக் கணக்கில் வீட்டிலேயே போட்டுப் பழக்கினார்கள். முதலில் அண்ணன் தன்னுடையதைப் போட வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் அவன் போடுவான். அப்படி ஒரு வரிசை உண்டானது. ஆனால் ஹெல்மெட்டுக்குள் மேளம் கேட்கவில்லை. அண்ணன் சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பழைய ஸ்பீக்கர்கள் கரகரத்தன. கரகரப்பு என்றால் அவனுக்கு யாரோ காதுக்குள் ஊசியை விடுவதுபோல. ஓடும் வண்டியில் பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தான். அன்றைக்குத்தான் ஸ்பீக்கர் கிழிந்தது. அன்றைக்குத்தான் அண்ணன் அதைக் கையில் ஏந்தி வாசலில் நின்றார்.

அடுத்த நாளே நானும் அண்ணனும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் ஒரு பாய் கடைக்குப் போனோம். "பைக்குக்கா? காத்தும் மழையும் அடிக்குமே தம்பி" என்று யோசித்தார். அண்ணன், "எம்பது கிலோமீட்டர் வேகத்துல, ஹெல்மெட்டுக்குள்ள, கரகரப்பில்லாம கேக்கணும் பாய்" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. ஏதோ வாலிப ஆசை என்று பாய் நினைத்திருப்பார். பெரிய ஸ்பீக்கர் இரண்டும், சத்தத்தைக் கூட்டித்தர ஒரு ஆம்ப்ளிபயரும் மாட்டிக் கொடுத்தார். கடை வாசலில் போட்டுக் காட்டியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. சுத்தமான சத்தம். அண்ணன் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போனேன். மதனிக்குப் பயம், என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கூட்டமில்லாத ரோடாக இருக்கட்டும் என்று அலங்காநல்லூர் பக்கம் போனோம். இருபுறமும் கரும்பும் நெல்லும். முன்னால் மேளம் தெளிவாகக் கேட்டது. பிள்ளை தலையை லேசாக ஆட்டிக்கொண்டு வந்தான். "தம்பி, பாருங்க, ஆட்டுறான்" என்று மதனி என் காதருகில் சொன்னார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, டிரெய்லர் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரோட்டை அடைத்து நின்றது. வண்டிகள் தேங்கின. அண்ணன் முன்னால் புகுந்து டிராக்டர் அருகே போய்விட்டார், நானும் மதனியும் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் சூடாகிறதென்று அண்ணன் அதை அணைத்திருக்கிறார். மேளத்தை மட்டும் அணைக்கவில்லை, அணைக்க முடியாது. புது ஆம்ப்ளிபயர் பேட்டரியை மொத்தமாகக் குடித்துவிட்டது. மேளம் இழுத்து, கரகரத்து, நின்றது. பிறகு வண்டியும் கிளம்பவில்லை.

நாங்கள் இறங்கி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே கூட்டம் கூடியிருந்தது. பிள்ளை ஹெல்மெட்டைப் பிய்த்தெறிந்து, பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் பாய்ந்திருக்கிறான். எதிரே லாரி. அண்ணன் அவனைக் கட்டிப் பிடித்து இழுத்திருக்கிறார். பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? வெளியூர் பதிவெண்ணோடு விநோதமான வண்டி, தடித்த ஜாக்கெட் போட்ட ஆள், அவன் கையில் அலறித் துடிக்கும் பிள்ளை. பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஊரெல்லாம் போனில் செய்தி பரவியிருந்த சமயம் அது. யாரோ அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதும் அவர் பிள்ளையைப் பிடித்த கையை எடுக்கவில்லை, அடியைத் தடுக்கவும் இல்லை.

"எம் மகன்யா... எம் மகன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவர் குனிந்து பிள்ளையிடம் கேட்டார். "பயப்படாதடா. இவரு யாரு? ஒங்கப்பனா? சொல்லு."

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினான். சொல்ல அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை.

"பாத்தீங்களாய்யா, இல்லேங்குறான்!"

மதனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். "எம்புள்ளைக்குப் பேச்சு வராதுய்யா, அவனுக்கு ஒடம்பு சரியில்ல!" என்று கத்தினார். பிள்ளை அவர் கையையும் கடித்தான். "இந்தம்மாவும் கூட்டாளிதான்" என்று ஒரு குரல். போனில் போட்டோ காட்டப் போனார், போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று பேராக நின்று நாங்கள் சொன்ன எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை. எந்த நேரமும் ஒரு கல் வந்து விழும் என்று நினைத்தேன்.

ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியவில்லை. ஸ்கூட்டருக்கு ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த ஒயரை எடுத்துக்கொண்டு டிராக்டர்காரரிடம் கெஞ்சினேன். "அண்ணே, ஒங்க பேட்டரியக் குடுங்க. ஒரு நிமிசம் பாட்டுப் போடணும்."

"பாட்டா? ஏய், என்னய்யா பேசுற?"

"கும்புடுறேண்ணே."

வயதான மனுஷர். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, "விடுங்கய்யா, என்ன செய்றான்னு பாப்போம்" என்று கூட்டத்தை விலக்கிவிட்டு பேட்டரி மூடியைத் திறந்தார். டிராக்டரை ஒட்டியே வண்டி நின்றதால் ஒயர் எட்டியது. இரண்டு தடவை பொறி மட்டும் பறந்தது. மூன்றாவது தடவை மேளம் பிடித்துக்கொண்டது.

பிள்ளையின் அலறல் பாதியில் நின்றது. அண்ணன் பிடியிலிருந்து நழுவி, ஒரு காதைப் பொத்தியபடியே வண்டியருகில் வந்து, முன்கவசத்தில் நெற்றியை வைத்து நின்றான். பிறகு சுற்றிலும் தேடினான். சாலையோரம் கிடந்த அண்ணனுடைய ஹெல்மெட்டை எடுத்து வந்தான். சட்டைக் காலரைப் பிடித்திருந்த ஆளின் கைக்கு அடியில் நுழைந்து, உதட்டில் ரத்தம் ஒழுக நின்ற அப்பாவின் தலையில் அதைக் கோணலாக மாட்டினான். அப்புறம் தன் ஹெல்மெட்டைத் தானே போட்டுக்கொண்டு, அப்பா கையை இழுத்துப் போய் வண்டியின் கைப்பிடியில் வைத்தான்.

காலரைப் பிடித்த கை கீழே இறங்கியது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அடித்தவர்களே வண்டியைத் தள்ளிக் கிளப்பியும் விட்டார்கள்.

அன்று வீடு திரும்பியதும் அண்ணன் வண்டியை உறைபோட்டு மூடினார். "இனி வேண்டாம். கொன்னுருப்பாய்ங்க." மதனி உறையை உருவிக் கீழே போட்டார். "நாளைக்குச் சாயங்காலம் அவன நீங்க வீட்ல வச்சிருந்து பாருங்க. அவய்ங்க ஒரு நாள் அடிச்சாய்ங்க. நான் தெனமும் வாங்குறேன்" என்றார்.

மறுபடி பாய் கடை. இம்முறை பிள்ளையையும் கூட்டிப் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? யா அல்லா, நான் தெருவுக்குக் கேக்கணும்னுல்ல மாட்டுனேன். இவனுக்குத்தானே கேக்கணும்" என்றார். ஸ்பீக்கர்களை முன்னாலிருந்து கழற்றி, பின்பக்கப் பெட்டிகளின் மூடியில் அவன் காதைப் பார்க்கும்படி பொருத்தினோம். கிட்டத்தில் இருப்பதால் சின்ன ஆம்ப்ளிபயரே போதுமானது. பாட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து நான் ஒயர் இழுத்தேன். எஞ்சின் நின்றாலும் மேளம் நிற்காது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் நல்ல சாயங்காலங்கள் கிடைத்தன. அவர்கள் வாழ்க்கையில் கிடைத்ததே அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் பிள்ளை வளர்ந்தான். அதற்கு எந்தக் கடையிலும் வழி இல்லை. பதின்மூன்று வயதில் மதனியைவிட உயரம், அண்ணனைவிடக் கனம். கப்பலூர் தாண்டி ஓடும் வண்டியில் ஒருநாள் எழுந்து நின்றுவிட்டான். வண்டி சாய்ந்தது. பிள்ளைக்குச் சிராய்ப்பு, அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிவு. எலும்பு கூடினாலும் அந்தக் காலை ஊன்றி அவ்வளவு பெரிய வண்டியைத் தாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தைக் கூட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, அட்டை ஒட்டினார்கள். வாடகைக் கார் ஏற்பாடு செய்து மேளம் போட்டுப் பார்த்தோம், கதவைத் திறக்கப் போனான். மதனி ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு முந்தி அவன எடுத்துக்கன்னு சாமிகிட்டக் கேட்டுட்டேன் தம்பி. ஒரு நா முந்தி இருந்தாப் போதும்." பெற்ற தாய் கேட்கிற வரமா இது என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

இப்போது வண்டி வீட்டு முகப்பில் ஸ்டாண்டில் நிற்கிறது. பேட்டரிக்கு நான் சார்ஜர் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். எதிரே பெரிய டேபிள் ஃபேன் ஒன்று, காற்றுக்காக. சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணன் ஹெல்மெட் போட்டு முன்னால் உட்காருவார், மகன் ஹெல்மெட் போட்டுப் பின்னால் உட்காருவான், மேளம் ஒலிக்கும். முதலில் அவன் ஏமாறவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான், அழுதான். பிறகு என்ன நினைத்தானோ, உட்காரத் தொடங்கினான். சில நாள் அரை மணி தாங்கும், சில நாள் ஐந்து நிமிஷம்.

போன வாரம் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். மதனி போனில் கேட்டார், "இன்னிக்கு மட்டும் முன்னால ஒக்காருறீங்களா தம்பி? வேற யாரும் இல்ல." போனேன். அண்ணன் ஹெல்மெட்டை நான் போட்டதும் பிள்ளை என்னையே வெகுநேரம் பார்த்தான். கழற்றி எறிந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். தன்னுடையதைப் போட்டுக்கொண்டு ஏறினான். என் இடுப்பைச் சுற்றி இரண்டு கனமான கைகள் வந்தன. அவன் ஹெல்மெட் என் முதுகில் இடித்தது, பிறகு மெல்லச் சாய்ந்தது. ஃபேன் காற்றில் கண்ணில் நீர் வந்தது. எதிரே அண்ணன் வீட்டு கேட்டும் மின்சாரக் கம்பமும் அசையாமல் நின்றன. நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் மதனியும் இல்லாத ஒரு சாயங்காலம் வரும், அப்போதும் மணி நான்கு அடிக்கும் என்பது அந்த இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து மதனி குரல் கொடுத்தார். "எறங்கிட்டானா தம்பி?"

"இல்ல மதனி" என்றேன். "இன்னும் ஊர் வரல."