பதினோராவது கை

எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பிறக்கும்போதே மடிப்புக் கலையாத சட்டையோடு பிறந்தவர். நம்பாவிட்டால் போங்கள், அவர் அம்மாவே என்னிடம் சொன்னது. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஏரிக் குழுத் தலைவர் பதவியை அவர் தலையில் கட்டினார்கள்.

ஏரி நடுவே ஒரு மணல் திட்டு. வருடாவருடம் ஆலாப் பறவைகள் வந்து வெறும் மணலில் முட்டையிடும். முன்பு ஏரியின் மதகு, அதிகாரிகள் கையில் இருந்தது. யாரோ போனில் சொன்னால் திறப்பார்கள், மூடுவார்கள். ஒரு வருடம் திட்டு முழுகும். மறு வருடம் தண்ணீர் வற்றி, நாய்கள் நடந்தே போய் முட்டை தின்னும். ஏழு வருடம் மனு எழுதி எழுதி, மதகின் கைப்பிடியை ஊரே வாங்கியது. அது இஸ்திரிக் கடைச் சுவரில் தொங்கியது.

மதகைத் திறக்க விதி எழுதிய அன்று அவர் மைத்துனன், பம்புசெட் மெக்கானிக், "பதினோரு பேர்ல ஆறு பேர் சரின்னா போதாதா மாமா?" என்றான்.

"போதாது. ஒருத்தர் வேண்டாம்னாலும் மதகைத் தொடக்கூடாது!" மேசையைத் தட்டிய தட்டில் கரி இஸ்திரிப்பெட்டி ஒரு முழம் எகிறியது.

இந்த வருடம் நாற்பத்தொரு கூடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, யாரும் வாங்க வராத துணியைக் கிழித்துக் கட்டி, சலவைக் குறி போல எண் எழுதியிருந்தார். குஞ்சு பொரிக்க நான்கு நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. காலைக்குள் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. கடையில் குழு கூடியது. மதகைத் திறக்கலாம் என்று பத்துக் கைகள் உயர்ந்தன. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாய்க்கால் ஓரம் என் வீடு. திறந்தா தண்ணி நேரா அடுப்படிக்குத்தான் வரும்."

"சாமானை நாங்க தூக்கி வைக்கிறோம்டா," என்றார் முடிதிருத்துபவர்.

"சாமானைத் தூக்குவீங்க. சுவரைத் தூக்குவீங்களா? மண் சுவர் அண்ணே."

"நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம், நீங்க போய்த் திறங்க," என்று முடிதிருத்துபவர் தலைவரின் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னிக்கு நான் திறந்தா நாளைக்கு ஆபீசர் வந்து திறப்பார். அவரை என்ன கேக்குறது?"

தலைவர் கரையில் போய் நின்றார். துணி கட்டிய குச்சிகள் ஒவ்வொன்றாய் நனைந்தன, சாய்ந்தன. மூன்று மணிக்கு மேல் திட்டே இல்லை. ஆலாக்கள் மட்டும் அந்த இடத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. அவர் பக்கத்தில் வந்து நின்ற மெக்கானிக், "திட்டிடுங்க மாமா," என்றான்.

"எதுக்குடா திட்ட? உன் வீடு, நீ சொன்னே."

அடுத்த கூட்டத்தில் விதியை மாற்ற வேண்டும், ஆறு கை போதும் என்று தீர்மானம் வந்தது. விதியை மாற்றவும் பதினோரு கை வேண்டும். முதலில் உயர்ந்தது மெக்கானிக்கின் கைதான். பத்துக் கைகள். தலைவரின் கை மடியிலேயே கிடந்தது.

"என்ன மாமா, நானே தூக்கிட்டேன்!"

"ஆறு போதும்னா, உன் வீட்டை முழுகடிக்கவும் ஆறு போதும்டா."

"அப்ப அடுத்த வருஷம் முட்டைக்கு என்ன பண்றது?"

இஸ்திரிக்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார். "தெரியல," என்றார்.