அடித்த வரிக்கு அடியில் புள்ளி

அந்தப் பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கும் அக்காவுக்குப் பேய்க்கதை என்றாலே குமட்டும். பயத்தால் அல்ல. இருபது வருடமாக இளசுகளுக்கான பேய்க்கதைகளில் எழுத்துப்பிழை பொறுக்கிப் பொறுக்கி வந்த அருவருப்பு அது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்துவிட்டால் போதும், மூன்றாம் அத்தியாயத்துக்குள் அவளைக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். பிறகு அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக ஊளையிட வேண்டும். அக்காவும் அவள் துணைவியும் பதினைந்து வருடமாக, கேஸ் சிலிண்டரை மூட மறந்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அக்கா வீடு திரும்பியதும் துணைவி கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னிக்கு எத்தனை பேரு செத்தாங்க?"

அன்று வந்த கதையை ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள். இரண்டு தோழிகள், தங்களைப் பிரிக்க வந்த பேயை விரட்டிவிட்டுக் கைகோத்து வீடு திரும்புகிறார்கள். எடிட்டர் அந்தக் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "ஒருத்தி சாகணும்" என்று எழுதியிருந்தார்.

அக்கா நேரே அவர் அறைக்குப் போனாள். "ஏன் சார் சாகணும்?"

"அப்பதாம்மா படிக்கிறவங்க மனசுல நிக்கும். நீங்க பிழையை மட்டும் பாருங்க."

அக்கா தன் இருக்கைக்குத் திரும்பி வந்தாள். அடித்த வரிகளுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். அச்சுக்கோப்பவருக்கு அது போதும்: அடித்தது செல்லாது, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்.

சாயங்காலம் துணைவி வழக்கம்போலக் கேட்டாள்.

"ஒருத்தியும் சாகலை," என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடி. "நாளைக்கு என் வேலைதான் சாகும்."