அட்டைப்பெட்டி வீட்டில் ஒரு அம்மா

அந்த மழலையர் பள்ளியில் மற்ற ஆசிரியைகள் அவளைப் பசை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எப்போது பார்த்தாலும் அவள் விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வகுப்பையே தலைகீழாக்கிவிடுவாள். தண்ணீர் வாரம் என்றால் பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தொட்டியில் போட்டு, எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்ப்பார்கள். தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி மூழ்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆஸ்பத்திரி வாரத்தில் பொம்மைகளுக்குக் கட்டுப் போட்டு வரிசையாகப் படுக்கவைப்பார்கள்.

"இந்தப் பாப்பாவுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்பாள்.

"பென்சிலைத் தின்னுடுச்சு மிஸ். ஊசி போட்டிருக்கேன். இனிமே சொன்ன பேச்சு கேக்கும்."

ஒரு வருடம் அவள் வகுப்பில் அக்கா மகள் வந்து சேர்ந்தாள். பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்ததால் வீட்டில் பட்டாணி என்று பெயர். அக்கா மகள் என்பது வெளியுலகத்துக்கு. பெற்றவள் இவள்.

அக்காவுக்குக் கரு தங்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தவளை வீட்டுக்குக் கூட்டிவந்தது தங்கைதான். தனக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருக்க, இரண்டாவது உண்டானபோது, அவளாகவே வாய்விட்டுச் சொன்னாள். "இது உனக்குத்தான் அக்கா." அவள் கணவர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, "உன் மனசு தாங்கும்னா சரி" என்றார். தாங்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கனத்த நாட்களில்கூட அப்படித்தான் நினைத்தாள்.

வகுப்பில் மிஸ் என்று கூப்பிட வேண்டும் என்று பட்டாணிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாயில் வந்ததோ "சித்தி மிஸ்". ஒரே வாரத்தில் மொத்த வகுப்பும் சித்தி மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தது. தலைமையாசிரியைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே வாரத்துல உங்களுக்கு எத்தனை அக்கா கிடைச்சுட்டாங்க பாருங்க."

பிறகு வீடு வாரம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியில் கதவும் ஜன்னலும் வெட்டி, பழைய துப்பட்டாவைத் திரையாகத் தொங்கவிட்டாள். பாட்டில் மூடிகள் அடுப்பாயின. களிமண்ணில் பிள்ளைகள் சமைத்தார்கள். யார் அப்பா, யார் தாத்தா, யார் பூனை என்று ஒரே அடிதடி. பட்டாணி மட்டும் தீர்மானமாக இருந்தாள்.

"நீங்க அம்மா. நான் பாப்பா. எனக்குக் காய்ச்சல்."

அவள் குனிந்து, முழங்காலை மடக்கி அந்தப் பெட்டிக்குள் நுழைந்தாள். பட்டாணி மடியில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அம்மா, தலையைத் தொட்டுப் பாரும்மா. சுடுதா?"

"சுடுது கண்ணு."

"அப்போ போகாதே."

விளையாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை. திரை விலகியபோதுதான், பிள்ளையை அழைத்துப்போக வந்த அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்தாள். அக்கா உள்ளே வந்தாள். பட்டாணியின் செருப்பைத் தேடி எடுத்து, மாட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் பட்டாணி வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா மட்டும் வந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி. உன்கிட்ட வந்துடுவாளோன்னு இல்ல. அவ கேட்டா, நான் குடுத்துடுவேனோன்னு."

"அது விளையாட்டுக்கா."

"உன் முகத்தைப் பாத்தேனே."

மறுநாள் தங்கையே தலைமையாசிரியையிடம் போய், பட்டாணியைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றச் சொன்னாள். சொந்தக்காரப் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று பேச்சு வரும் என்றாள். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். பாட்டுப் பாடும் நேரத்தில் இவள் வகுப்பில் தாளம் தப்பும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு குரலுக்காக இவள் கை தட்டுவதை நிறுத்திவிடுவாள்.

பட்டாணிக்குப் பத்து வயது நடக்கும்போது அக்காவே அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தங்கை வீட்டுக்கு வந்தார்கள். அக்கா வெளியறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பட்டாணி சமையலறைக்கு வந்து, மேடையில் சாய்ந்து நின்றாள்.

"என்னைக் குடுக்கும்போது அழுதியா?"

"அழுதேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம அழுதேன்."

"இனிமே உன்னை எப்படிக் கூப்பிடணும்?"

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு அவள் சொன்னாள். "எப்பவும் போலவே கூப்பிடு."

"சரி சித்தி." குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பேருந்து திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். மறுநாள் விதை வாரம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாவது வேண்டுமே என்று, ஒரு கிண்ணம் அவரை விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.