வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஞாயிறு காலை ஆறு ஐம்பது. பிரஷ்ஷோடு பின்பக்கம் போனேன். முதலில் கண்ணில் பட்டது... கதவு இல்லாத பாத்ரூம்.

கதவு கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்தது. வெள்ளைத் தொப்பியும் காதில் பென்சிலுமாக ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு, சேக்காட்டில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடு பழக்கமானதுதான். நான்கு போர்ஷன், ஒரு கிணறு, ஒரே பாத்ரூம். காலையில் அங்கே நிற்கும் வாளி வரிசையிடம் ரேஷன் கடை தோற்றுப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் கதவைக் கழற்றினால்? கொஞ்ச நேரத்தில் நான்கு வீடும் கிணற்றடியில் ஆஜர்.

"யாருய்யா நீ? ஓனர் அனுப்புனாரா?" என்றார் மூன்றாவது போர்ஷன் சரோஜா.

"இல்லக்கா. ரஃபீக்கு. கார்பென்டர். பூந்தமல்லிலேர்ந்து வரேன். கதவக் கயட்டுனாத்தான் அல்லாரும் ஒண்ணா வருவீங்கன்னு கயட்டுனேன். இந்தப் பொண்ணு உங்ககிட்ட இன்னாவோ சொல்லணுமாம்."

இந்தப் பொண்ணு என்றது கடைசி போர்ஷன் செல்வியை. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கணவர் முரளி அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். கம்பெனி ட்ரெயினிங்குக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்று எங்களிடம் சொல்லியிருந்தார் செல்வி. முந்தின நாள்தான் முரளி திரும்பியிருந்தார்.

"ட்ரெயினிங் இல்ல," என்றார் செல்வி. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். குரலில் நடுக்கம் இல்லை. "ஆஸ்பத்திரில இருந்தாரு. பிரவுன் சுகர். ஊசில ஏத்திக்குவாரு. இப்ப வுட்டுட்டாரு."

முரளி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஃபீக் பாய்தான் தொடர்ந்தார். அவரும் ஒரு காலத்தில் போட்டுக்கொண்டவர்தானாம். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஞாயிறு மாலைகளில் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால் மாலை போடுவதில்லை. பாத்ரூம் கதவைத் திருப்பி மாட்டுகிறார்கள்.

"வுட்டுட்டு வந்த ஆளுக்குத்தான் சார் டேஞ்சர்," என்றார் பாய். "ஒடம்பு பயக்கத்த மறந்துடும். கை பழைய அளவ மறக்காது. என்னிக்காவது மனசு தடுமாறி அதே அளவப் போட்டான்னு வெய்யி, மூச்சு நின்னுடும். போடறவன் எங்க போவான்? தாப்பா கீற எடத்துக்கு. கதவு உள்ளார தொறக்குது. அவன் வியுந்தா அவன் ஒடம்பே கதவுக்கு ஆப்பு. ஒடைச்சி உள்ள போறதுக்குள்ள முடிஞ்சிடும். எங்க கூட்டத்துல ஒர்த்தன் அப்படித்தான் போனான்."

அதனால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் இருக்கக் கூடாது.

"அதெப்படி?" என்றார் சரோஜா. "வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு பேர வெச்சிகினு கீறேன். தாப்பா இல்லாத பாத்ரூம்ல அதுங்க எப்படிக் குளிக்கும்? அவரு ஊசிக்கு எம் பொண்ணுங்க மானம் போவணுமா?"

நியாயமான கேள்வி. முகம் சுளிக்காமல் பாய் தலையசைத்தார்.

"தாப்பாவுக்கு பதிலா கொக்கி போடறேங்க்கா. உள்ள மாட்டிக்கலாம். வெளியேர்ந்து ஒரு ஹாக்ஸா பிளேட சந்துல வுட்டுத் தூக்குனா தொறந்துக்கும்."

"எவன் வேணா தூக்குவானே."

"பிளேடு மட்டும் நுழையற சந்துதான் வெப்பேன். பிளேடு உன் ஊட்ல இருக்கட்டும். யார்கிட்டயும் குடுக்காத."

சரோஜா பாயைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். "சரி, மாட்டு. பொண்ணுங்க குளிக்கணும்," என்றார்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. முன்கூட்டியே இவ்வளவு ஏற்பாடு செய்து வைப்பது, 'பயமில்லாமல் போட்டுக்கொள்' என்று சொல்வது போல ஆகிவிடாதா? கேட்டேன். பதில் துவைக்கிற கல்லிலிருந்து வந்தது.

"சார், எங்க கம்பெனில செவப்பு வாளில மணல் தொங்குது," என்றார் முரளி. "அதப் பாத்துட்டு யாரும் தீ வெக்கறதில்ல."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

கதவை மாட்டிவிட்டு, ஒரு தலையணையைத் தரையில் போட்டு எங்களுக்கு வகுப்பு எடுத்தார் பாய். பேர் சொல்லி உலுக்கு. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. இல்லையென்றால் மல்லாத்தி, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயில் ஊது. வாய் வைக்கக் கூச்சமா? மெல்லிசுத் துணியைப் போட்டுக்கொள். நடுவில் ஒருத்தர் ஆட்டோவுக்கு ஓடு. "மோர் ஊத்தாதீங்க. கைல இரும்புச் சாவி குடுக்காதீங்க. அதெல்லாம் வலிப்புக்கே பிரயோஜனம் இல்ல." தலையணைக்கு மூச்சுக் கொடுத்துவிட்டு சரோஜாவின் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம். நான் ஆபீஸில் இருந்தேன். செல்வி கம்பெனியில். நடந்ததைச் சாயங்காலம் பலர் வாயிலாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

சரோஜா துணி வாளியோடு காத்திருந்தார். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. தட்டினார். பதில் இல்லை. வீட்டுக்கு ஓடி பிளேடை எடுத்து வந்தார். கொக்கியைத் தூக்கிக் கதவை இழுத்தார். கதவோடு முரளியும் வெளியே சரிந்தார். உதடு நீலம். மூச்சு இல்லை.

பெரிய பெண் ஆட்டோவுக்கு ஓடினாள். சரோஜா தன் புடவை முந்தானையை முரளியின் முகத்தில் போட்டு ஊத ஆரம்பித்தார். ஆட்டோ வரும்வரை ஊதினார். ஆட்டோவில், பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் முட்டி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஊதினார். அங்கே ஏதோ மாற்று மருந்து ஏற்றினார்கள். முரளி கண் விழித்தார்.

நாம் என்ன செய்வோம்? குடும்ப கௌரவம் என்று சொல்லி வாயைப் பூட்டிக்கொள்வோம். விஷயம் வெளியே வரும்போது கூடவே ஆளும் வெளியே வருவார் — நாலு பேர் தோளில். செல்வி வாயைத் திறந்தார். அதனால்தான் சரோஜாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. எவ்வளவோ பேட்டி எடுத்திருக்கிறேன், விருது வாங்கியவர்களையும் சேர்த்து. இந்த இரண்டு பெண்களுக்குச் சமமாகச் சொல்லச் சிலரே தேறுவார்கள்.

தெரு சும்மா இருக்குமா? அடுத்தவள் புருஷன் வாயில் வாய் வைத்தாளாமே என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். சரோஜாவின் காதுக்கும் வந்தது.

"பேசறவங்க வந்து ஊதியிருக்கலாமே. எனக்கும் மூச்சு வாங்கிச்சி," என்றார்.

முரளி மறுபடி சிகிச்சைக்குப் போனார். இந்த முறை எங்கே போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தார். வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். முழுசாக விட்டுவிட்டாரா? தெரியாது. அவரைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்கிறார்.

போன புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை. செல்வி வேலைக்குப் போயிருந்தார். சரோஜா வீட்டு வாசலில் வந்து நின்றார் முரளி.

"அக்கா, இன்னிக்கி மனசு சரியில்ல. தனியா இருக்காதன்னு பாய் சொல்லிகீறாரு."

சரோஜா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. காம்பு வராம ஆயணும்."

செல்வி வரும் வரை முரளி கீரை ஆய்ந்தார்.