நான்கு கீபோர்டுக்கு ஒரு கட்டை

மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டரே கதி என்று கிடப்பார்கள். எங்கள் வீட்டில் வீட்டுக்காரர் கிடந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. பிள்ளை கெட்டுப்போனால் அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம். புருஷன் பொம்மை விளையாடுகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வேறு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அவ்வளவையும் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் திருத்தணியில் ஸ்டேஷன் பக்கம் வீடு. பின்கட்டுக் கொட்டகையில் நான்கு பவர்லூம் ஓடின. நான்குக்கும் சேர்த்து மேலே ஒரே மோட்டார், ஒரே இரும்புத் தண்டு, அதிலிருந்து நான்கு பெல்ட். நடுவில் இவர் நின்றுகொண்டு, இங்கே நூல் அறுந்தால் இங்கே, அங்கே அறுந்தால் அங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பிறகு தறிகளை எடுத்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் அவரோடு பேசியிருக்கிறேன். தறி போனபிறகாவது மெதுவாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

ஊர் முழுக்க பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மகனும் தெருப்பக்கத்து அறையில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு ஒன்று திறந்தான். கொஞ்ச நாளில் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். கடையை அப்பாவிடம் விட்டுப் போனான். காலையில் காலேஜ் பிள்ளைகள் வந்து பிரிண்ட் எடுப்பார்கள். கிருத்திகை நாட்களில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ரயிலுக்கு நேரம் இருந்தால் வந்து உட்காருவார்கள். மற்ற நேரமெல்லாம் இவரும் ஃபேனும்தான்.

"நைனா, சும்மா செவத்தப் பாத்துகினு இருக்காத. இத ஆடு" என்று மகன்தான் ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்தான். கத்தி வைத்த ஓர் ஆள். அந்த ஆளை நடத்திக் காடு, மலை, பாலம் எல்லாம் தாண்டி, குகைக்குள் இருக்கிற பெரிய மிருகத்தைக் கொல்ல வேண்டும். அந்தக் குகைக்குள் தனியாகப் போக முடியாது. எங்கெங்கோ இருந்து இதையே ஆடிக்கொண்டிருக்கிறவர்களோடு கூட்டு சேர்ந்து போக வேண்டும்.

இவரும் முதலில் கூட்டு சேர்ந்துதான் போனார். பாதிக் குகையில் ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இன்னொருத்தன் மிருகம் செத்ததும் அது விட்டுப்போன பொருளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். இவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நெய்வதற்கு ஆள் வைத்திருந்த காலத்திலும் இப்படித்தான். தறியில் ஏற்றின பாவு நூல் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் நின்றுவிட்டால், வேறு ஆளைத் தேடாமல் அந்தத் தறியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார்.

அடுத்த வாரம் பார்த்தால் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு ஆள். அப்புறம் மூன்று. மாசம் திரும்புவதற்குள் நான்கு.

"இன்னாங்க இது? நாலு பேர் ஆடற ஆட்டத்த நீங்க ஒருத்தரே ஆடினா என்னா அர்த்தம்?"

"நாலு தறி பாத்த கை இது. ஒண்ணே ஒண்ணு வெச்சிகினு உக்காந்தா கை சும்மா கெடக்குது."

"அப்ப காய் நறுக்குங்க."

கை மறுபடி கீபோர்டுக்குப் போய்விடும்.

நான்கு கீபோர்டையும் மேஜையில் வரிசையாக ஒட்டி வைத்தார். கொட்டகையில் கிடந்த தறிச் சட்டம் ஒன்றை அறுத்து, நான்கு இடத்தில் சின்ன முளை அடித்து, முளைக்குத் துணி சுற்றினார். அந்தக் கட்டையை ஓர் அழுத்து அழுத்தினால் நான்கு கீபோர்டிலும் முன்னால் நடக்கிற பொத்தான் ஒன்றாக அழுந்தும். நான்கு பேரும் ஒன்றாக நடப்பார்கள். ஒரே தண்டில் நான்கு பெல்ட் மாட்டின அதே வேலை. யாராவது கடைக்கு வந்து, "சார், ஒரு சிஸ்டம் குடுங்க" என்று கேட்டால், "காலி இல்ல" என்பார். கேட்டவன் எட்டிப் பார்ப்பான். நான்கு நாற்காலி காலியாக இருக்கும். அவனுக்கு அந்த ஐந்தாவது கம்ப்யூட்டர்தான். அதில் பாதிப் பொத்தான் வேலை செய்யாது.

சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போய் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேடயம் பிடித்தவன் முன்னால், வில் வைத்தவன் அவனுக்குப் பின்னால், மூட்டை சுமக்கிறவன் ஒருவன். கடைசியில் வெள்ளை உடுத்தின ஒரு பொம்பளை.

"அது யாரு?"

"மருந்து போடறது. மத்தவங்க அடிபட்டா எழுப்பி வுடும். பின்னாடியே நிக்கும், வாயே தொறக்காது."

"நான்தான்னு சொல்லுங்க."

"ஆங்" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதிலும் எனக்கு அந்த வேலைதானா என்று எரிச்சலாக வந்தது.

ஏன் நான்கு ஆள் என்று நான் கேட்டதற்கு அவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னார். கை சும்மா கிடக்கிறது, வெளி ஆள் ஓடிவிடுகிறான், சாமானில் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. எல்லாம் சரிதான். ஆனால் அவரோடு குடித்தனம் நடத்தினவளுக்கு வேறு காரணம் தெரியும். அவருக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. பாவு சுற்றின உருளையை இரண்டு பேர் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தால் ஓடி வருவார்கள். கூப்பிடாமல் தனியாகத் தூக்கி, இடுப்பு பிடித்துப் படுத்தார். ஒரு தடவை பள்ளிப்பட்டு போகிறதற்கு, எந்த பஸ் என்று யாரையும் கேட்காமல் ஏறிச் சோளிங்கரில் இறங்கினோம். "இங்கயும் ஒரு வேலை இருக்குது" என்றார். ஒரு வேலையும் இல்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். நான்கு பொம்மையைத் தானே வைத்துக்கொண்டால் யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதுதான் விஷயம்.

வீட்டில் கேட்பது, பேசுவது எல்லாம் அவருடைய அண்ணன்தான். எங்கள் மகளுக்கு ஆந்திரா பக்கம் நகரியில் மாப்பிள்ளை பேசி முடித்ததும் அவர்தான். அண்ணன் காலமான பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வாய் இருந்தும் ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை.

இந்த நேரத்தில்தான் மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புங்கள் என்று நின்றபடி தன் வாயால் கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் மாப்பிள்ளையின் அம்மா, இப்போது என்ன அவசரம் என்று மறுத்துவிடுவாள். அது முறை. மறுபடியும் கேட்க வேண்டும். அப்புறம்தான் நாள் குறித்து, வளையல் அடுக்கி, பெண்ணை அனுப்புவார்கள். கேட்காமல் அனுப்பினால் வேண்டாத பெண்ணைத் தள்ளிவிட்டதாக ஆகிவிடும்.

நான் ஞாபகப்படுத்தினேன். "அமாவாசை போகட்டும்" என்றார். அமாவாசை போனது. "கிருத்திகை கூட்டம், பஸ்ல நிக்க முடியாது" என்றார். கிருத்திகையும் போனது. அப்புறம் யுபிஎஸ் பழுது என்றார். யுபிஎஸ்ஸுக்கும் நகரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மகள் போனில் அழுதாள். "நைனா வந்து கேக்கலன்னா இங்கயே பெத்துக்கோன்றாங்கம்மா. எனக்கு அங்க வரணும். பயமாகீதும்மா."

மகனை அனுப்பலாமா என்று சம்பந்தியம்மாவைக் கேட்கும்படி மகளிடம் சொன்னேன். அப்பா இருக்கும்போது அண்ணன் எதற்கு என்று அந்தம்மா சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அந்தம்மாவே கடைக்குப் போன் செய்தார்கள். இவர் அந்த நேரம் நான்கு பேரையும் ஒரு தொங்கு பாலத்தின் மேல் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன், ஒரு கை கட்டைமேல். "எப்ப வரீங்க அண்ணய்யா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. இவர், "அது வந்து... வரணும்தான்... பாக்கறேன்..." என்று இழுத்தார். இழுக்க இழுக்க உடம்பு முன்னால் சாய்ந்து முழங்கை கட்டைமேல் ஏறிவிட்டது. நான்கு பேரும் வரிசை குலையாமல் பாலத்தின் ஓரத்துக்கு நடந்து, ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் விழுந்தார்கள். தனித்தனியாக நடந்திருந்தால் ஒருத்தராவது மேலே நின்றிருப்பார். எல்லாவற்றையும் ஒரே கட்டையில் கோத்துவிட்டாரே!

போனை வைத்துவிட்டார். என்ன சொல்லி வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

பள்ளத்தில் நான்கு பேரும் செத்துக் கிடந்தார்கள். எழுப்பிவிடுகிற வெள்ளைப் பொம்பளையும் செத்துவிட்டாள். இனி வெளி ஆள் யாராவது வந்து மருந்து போட்டால்தான் உண்டு. இல்லையென்றால் அத்தனை நாள் சேர்த்த சாமானை அங்கேயே விட்டுவிட்டு ஊர் எல்லையில் மறுபடி முளைக்க வேண்டுமாம். பாலத்தின்மேல் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காபி கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனது.

"மேல போறவங்கள எழுதிக் கேளுங்களேன்."

"யாருன்னே தெரியாதவன் கிட்டயா?"

"தெரிஞ்சவங்க கிட்ட மட்டும் கேட்டுக் கிழிச்சிட்டீங்களா?"

அப்படி நான் அவரிடம் பேசினதே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் காது அங்கேயே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து பொத்தான் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று. தேடித் தேடி இன்னொன்று. போய் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஹெல்ப் என்று போட்டிருப்பதாக அவரே சொன்னார். சொல்லும்போது முகம் சிவந்திருந்தது.

தலையில் கொம்பு வைத்த ஒருத்தன் பாலத்திலிருந்து குதித்து இறங்கினான். கையைத் தூக்கினான். வெள்ளைப் பொம்பளை எழுந்து உட்கார்ந்தாள். மற்ற மூன்று பேரை அவள் எழுப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு குதியாட்டம் போட்டுக் காட்டிவிட்டு அவன் பாட்டுக்கு ஓடிப்போனான்.

"ஒண்ணும் கேக்கலியே அவன்" என்றார் இவர். அதையே இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "பொம்ம செத்ததுக்கு வாயத் தொறந்தீங்க. பெத்த பொண்ணுக்குத் தொறக்க மாட்டீங்களா?"

அவர் கட்டையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். "வெத்தல ஈரத்துணில சுத்தி வை. காலைல போலாம்" என்றார்.

நகரியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். மகள் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்த பார்வையில் இளைத்திருந்தாள். இவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். தாம்பாளம் சாய்ந்து, மேலே இருந்த பழம் உருண்டு விளிம்புக்கு வந்தது. இவர் திரும்பி ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவாரோ என்று நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன். கடைசியில் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏன் அண்ணய்யா, பொண்ணக் கேக்க வந்தீங்களா, ஸ்கூட்டர் தள்ள ஆள் கேக்க வந்தீங்களா?" என்றார்கள். உள்கதவருகே மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அந்தம்மா முறைப்படி முகத்தை இறுக்கிக்கொண்டு, "இப்ப இன்னா அவசரம், இங்கயே இருக்கட்டும்" என்றார்கள். இன்னொரு தடவை கேட்க வேண்டும். அவரிடம் இன்னொரு தடவைக்குச் சரக்கு இல்லை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசினது அன்றைக்குத்தான். "அனுப்புங்க வதினா. நான் பாத்துக்கறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வளையல் அடுக்கி மகளை அழைத்து வந்தோம். வந்த மறுநாள் அவள் தெருப்பக்கத்து அறையில் போய் எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா இது, கட்ட எல்லாம் வெச்சிகினு?" என்று கேட்டாள். இவர் விளக்கினார். அன்று சாயங்காலமே வெள்ளைப் பொம்பளையின் கீபோர்டைக் கட்டையிலிருந்து பிரித்து அவளிடம் கொடுத்துவிட்டார். வயிறு மேஜையில் இடிக்க இடிக்க உட்கார்ந்து அவள் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். "மெதுவா போ நைனா, எனக்கு எட்டல" என்று அவள் கத்துவதும், "நீதாம்மா வெரசா வரணும்" என்று இவர் கத்துவதும் அடுப்படிவரை கேட்கும். தறிச் சத்தமே தேவலை.

கூப்பிட்டால் இரண்டு பேருமே வருவதில்லை. அதன் பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டு நான்தான் அங்கே கொண்டுபோய் வைத்தேன். அதில் அவர் தட்டு எப்போதும் ஆறித்தான் போனது.