தம்பி மனைவி நீட்டிய கை

தம்பி மனைவியின் வளைகாப்பில், பச்சைக் கண்ணாடி வளையலோடு நான் அவள் முன்னால் குனிந்தபோது அத்தை என் முழங்கையைத் தொட்டார். "நீ சந்தனக் கிண்ணத்தப் பாத்துக்கம்மா" என்றார், மெதுவாகத்தான். கீழ்வேளூர் வீட்டுக் கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அதன் பொருள் தெரியும். எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதக்கணக்கில் விலக்கு வராது. உடம்பு ஊதிக்கொண்டே போகும். தாடையில் முளைக்கும் முடியைப் பிடுங்கிவிட்டுத்தான் காலையில் வேலைக்குக் கிளம்புவேன். விஷயம் தெரிந்து வரன்கள் தட்டிப்போயின; தம்பிக்கு முதலில் முடித்தார்கள். நான் வளையலைத் தட்டில் வைக்கப் போனேன். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். "அண்ணி போடட்டும்ங்க. நான் வாந்தி எடுத்தப்பல்லாம் தலையப் பிடிச்சுக்கிட்டது அவங்கதான்." போட்டேன்.

நன்னிலத்தில் தாய்வீட்டுக்குப் போனவளுக்குப் பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அடக்கம் முடிந்து திரும்பிய அன்று, எனக்குக் கேட்கும்படி அத்தை சொன்னார்: "அன்னைக்கே வேணாம்னேன்." அருகில் நின்ற அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை சொன்னதைவிட அதுதான் என்னை உடைத்தது. அதன்பிறகு நீர்க்கட்டிக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, பசியே இல்லாமல், கையில் கிடைத்ததையெல்லாம் தின்றேன். தாடையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். "மனசு பாரமா இருந்தா அதையும் சொல்லணும்மா, அதுவும் இந்த நோயோட சேர்ந்ததுதான்" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். விலக்கைப் பற்றித் தவிர அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக என் அறைக்கு வந்தாள். "கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. வேற ஒண்ணும் இல்ல. யாரு என்ன சொன்னாலும் நீங்க நம்பாதீங்க அண்ணி." பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். பால் இன்னும் வற்றவில்லை, ரவிக்கை நனைந்திருந்தது. "அங்க என்னை அழவே விடல. அடுத்தது வந்துரும்னு சொல்லிச் சொல்லியே வாய மூடிட்டாங்க. இங்க கொஞ்ச நேரம் அழுதுக்கிறேன்." நானும் அழுதேன்.

மனசு பாரமாக இருப்பதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்; அவர் சொன்ன மனநல ஆலோசகரைப் பார்க்க இருவருமாகத் தஞ்சாவூர் போனோம். வரவேற்பில் இருந்த பெண், "யாருக்குங்க பாக்கணும்?" என்று கேட்டபோது, "ரெண்டு பேருக்கும்" என்றாள் அவள். துப்பட்டாவை விலக்கி, தாடையைப் பற்றி வாய்விட்டு அன்றுதான் முதல்முறையாகப் பேசினேன். ஆலோசகர் அவள் பக்கம் திரும்பி, "குழந்தைக்குப் பேர் ஏதும் நினைச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடி பெயரைச் சொன்னாள்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. விலக்கு இன்னமும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. சில காலைகளில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. அவளுக்கு இதுவரை வேறு குழந்தை இல்லை. அவள் சொன்ன அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் யாரும் இல்லாதபோது நாங்கள் இருவரும் அதைச் சொல்லிக்கொள்கிறோம்.